நடுக்குச்சி

நல்ல வெண்ணெய் மஞ்சளாகத்தான் இருக்கும். கல்யாணக் கேக்கோ பால்வெள்ளையாக இருந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடியே லியோனா ஹோலப்பின் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்த மூலையில், சோளக்கொல்லைகளுக்கு நடுவே கிடக்கிற நாலைந்து ஊர்களில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், சர்ச்சில் தேதி கேட்ட கையோடு லியோனாவுக்குத்தான் போன் வரும். பாதிரியார்கூட மாறியிருக்கிறார், கேக் செய்கிறவள் மாறியதில்லை.

அந்த வாரம் அவள் செய்துகொண்டிருந்தது சொந்த மகளின் கல்யாணக் கேக். கெண்ட்ரா அவளுக்கு ஒரே மகள். தகப்பன் டென்னிஸ் நெஞ்சுவலியில் போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. ஆக, லியோனாவுக்கென்று மிச்சமிருந்தது இந்தப் பெண் ஒருத்திதான். அவளும் சனிக்கிழமை சாயங்காலம் கோல்ட்டன் ராடமாக்கரின் பெண்டாட்டியாகிவிடுவாள்.

வியாழக்கிழமை மதியம் அம்மாவும் மகளும் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தார்கள். கேக்மேல் பூசுகிற பட்டர்கிரீமில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. வெண்ணெய், பொடித்த சர்க்கரை, சிட்டிகை உப்பு, கொஞ்சம் பால், வனிலா. சின்னப் பிள்ளைகூட ஒப்பித்துவிடும். ஆனால் சோம்பேறி செய்தால் மணல்போல நறநறக்கும், அவசரக்காரி செய்தால் கூழாக வழியும். வெண்ணெயை முதலில் தனியாக, அது வெளுத்துப் பஞ்சாகிற வரைக்கும் அடிக்க வேண்டும். சர்க்கரையைச் சலித்துக் கரண்டி கரண்டியாகப் போட வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் பொடி பறந்து அடுக்களையும் ஆளும் வெள்ளைப் பூதமாகிவிடும். ஜூலை மாதத்தில், அதுவும் ஏசி இல்லாத கொட்டகையில் கல்யாணம் வைக்கிற புத்திசாலிகளுக்காக, லியோனா பாதி வெண்ணெயும் பாதி வனஸ்பதியும் போடுவாள். வெறும் வெண்ணெய் என்றால் மோதிரம் மாற்றுவதற்குள் கேக் சட்டையைக் கழற்றிவிடும். கடைசியாக, பல்குத்தும் குச்சியின் நுனியில் ஊதாச் சாயம் தொட்டு ஒரே ஒரு தீற்று. மஞ்சளை ஊதா தின்றுவிடும். கிரீம் பளீரென்று வெளுக்கும்.

அந்த வெயிலிலும் கெண்ட்ரா முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கிண்ணத்தின் ஓரத்தை வழிப்பதற்காகச் சட்டைக்கையை ஏற்றினாள், மறந்துபோய். மேல்கையில் வரிசையாக நாலு கன்றிப்போன தடம், உள்பக்கம் தனியாக ஒன்று. ஊதா போய் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"கன்னுக்குட்டி உதைச்சிடுச்சும்மா. ஊசி போடறப்போ." சட்டைக்கை சடாரென்று கீழே இறங்கியது.

கோல்ட்டன் வீட்டில் மாட்டுப்பட்டி உண்டு, அது உண்மைதான். ஆனால் எந்த ஊர்க் கன்றுக்குட்டிக்கு நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் இருக்கிறது? லியோனாவின் வாய்வரைக்கும் அந்தக் கேள்வி வந்தது.

"சர்க்கரையைச் சலிச்சியா?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய நேரத்தில் சர்க்கரையைக் கேட்டாள் மகராசி. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. போன கிறிஸ்துமஸ் விருந்தில், "அந்தப் பையன் உன்ன ஒரு வார்த்த பேச விடமாட்டேங்கிறானேடி" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லித் தொலைத்தாள். ஈஸ்டர் வரைக்கும் மகளிடமிருந்து போன் இல்லை, அப்போதே அவள் குடிபோயிருந்த கோல்ட்டன் வீட்டில் போய் நின்றால் கதவு திறக்கவில்லை. இன்னொரு வாக்கியம் சொன்னால் மகளே இல்லாமல் போய்விடுவாள் என்று அன்று முதல் பயந்து கிடந்தாள். அவள் பயந்தது மகளை இழந்துவிடுவோம் என்றுதான்; மகள் யாரிடம் இருக்கிறாள் என்று பயந்திருக்க வேண்டும். அது அந்த மதியம் அவளுக்கு உறைக்கவில்லை.

கிரீம் அடிக்கிற மெஷினை நிறுத்தியதும் அடுக்களை அமைதியானது. கெண்ட்ரா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மா, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லு."

"கேக் வெட்டறப்போ அத என் மூஞ்சில அப்பக் கூடாதுன்னு கோல்ட்டன்கிட்ட சொல்றியா? நான் சொன்னா சிரிக்கிறான். அவன் ஃபிரெண்ட்ஸ்லாம் பந்தயம் கட்டியிருக்காங்க."

கேக்கை வெட்டி, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவருக்கொருவர் ஒரு வாய் ஊட்டுவது அங்கே வழக்கம். ஊட்டுகிற சாக்கில் மூஞ்சியில் அப்பிவிடுவதும் வழக்கம்தான். டென்னிஸ்கூட லியோனாவின் மூக்கு நுனியில் ஒரு பொட்டு கிரீம் வைத்துவிட்டு, அடிவிழுமோ என்று இரண்டடி பின்னால் போய் நின்றவன்தான். அது விளையாட்டு. ஆனால் ஒரு விளையாட்டை நிறுத்தச் சொல்ல அம்மாவைத் தூதுவிடுகிற பெண்ணுக்கு அது விளையாட்டாக இல்லை என்பது லியோனாவுக்குப் புரிந்தது.

"நான் சொல்றேன். கவலப்படாத," என்றாள். மகள் அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் இப்படி ஒட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. லியோனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

சனிக்கிழமை கேக்கை வேனில் ஏற்றினாள். மூன்றடுக்குக் கேக். ராடமாக்கர்களின் கொட்டகைக்குப் போகிற சரளைக்கல் ரோட்டில் முட்டை வாங்கி வந்தாலே பாதிதான் வீடு சேரும். அதனால் அவள் நடுக்குச்சி வைத்திருந்தாள். கடையில் விற்கிற உருண்டை மரக்குச்சி, சுண்டுவிரல் கனம். ஒரு முனையைப் பென்சில் சீவுவதுபோலக் கூராகச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்றடுக்கும் ஏற்றி முடித்தபின் உச்சியில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்குவாள். அது அடுக்குக்கு அடுக்கு இருக்கிற அட்டைகளைத் துளைத்துக்கொண்டு அடிப்பலகை வரைக்கும் போய் நிற்கும். கேக் அப்புறம் பூகம்பத்துக்கும் அசையாது. குச்சியின் மொட்டை முனை மேலே நிற்கும். அதன்மேல் கிரீமில் ஒரு ரோஜாப்பூ பிழிந்து மூடிவிட்டால் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே வெளியே தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் கௌரவம். கேக் தானாகவே நிற்கிறது என்று ஊர் நம்ப வேண்டும். வெட்டிப் பரிமாறுவதற்கு முன் லியோனாவே போய் அதை உருவிவிடுவாள்.

கொட்டகையில் மேசைமேல் கேக்கை வைத்து, ரோட்டில் பட்ட கீறல்களைத் தட்டைக் கத்தியால் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தபோது கோல்ட்டன் வந்தான். அழகன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிரித்தால் எதிரே இருப்பவர்களும் சிரித்துவிடுவார்கள். பாட்டு அலறிக்கொண்டிருந்தது, அவன் கூட்டாளிகள் பீர்ப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"லியோனா! அடேங்கப்பா, இது கேக்கா, இல்ல மாதா கோயிலா?"

"கோல்ட்டன், உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும். கேக்கை அவ மூஞ்சில அப்பாத. அவளுக்குப் பிடிக்கல."

"அவளா சொன்னா?"

"நான் சொல்றேன்."

"அட, சும்மா ஜாலிக்கு லியோனா. அது இல்லேன்னா கல்யாணமே செல்லாதும்பானுங்க பசங்க." அவன் சிரித்தான். ஆனால் 'சரி' என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள்.

அப்போதுதான் அவள் தொழில் ரகசியத்தையே எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பையன் முரடனாக இருக்கலாம், மிருகமாகவா இருப்பான் என்று நினைத்தாள்.

"இத பாரு. இந்த ரோஜாவுக்கு அடியில ஒரு குச்சி நிக்குது. மேலேர்ந்து கீழ வரைக்கும் மரக்கட்டை. மூஞ்சியக் கொண்டுபோய் இதுல அமுக்கினா கண்ணு போயிடும். வெளயாட்டில்ல. புரியுதா?"

கோல்ட்டன் புருவத்தைத் தூக்கினான். ஆள்காட்டி விரலை ரோஜாவுக்குள் விட்டான். குச்சியைத் தொட்டான், இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். பிறகு விரலை வெளியே எடுத்துச் சப்பினான்.

"நெசமாவே இருக்கே," என்றான். "நல்லவேள சொன்னீங்க."

அவன் போனதும் லியோனா அந்த ரோஜாவை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று பிழிந்தாள். குச்சியை அப்போதே உருவியிருக்கலாம். போட்டோ எடுக்கிறவரைக்கும் கேக் சரிந்துவிடக் கூடாது, கொட்டகை அடுப்பாகக் கொதிக்கிறது என்று விட்டுவிட்டாள். மனசு லேசாக இருந்தது. ஒரு காரியத்தை நல்லபடியாக முடித்த திருப்தியில் தனக்கும் ஒரு கிளாஸ் எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்தாள்.

கேக் வெட்டுகிற நேரம் வந்தது. எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மேசைக்கு வருகிற வழியில் கோல்ட்டன் குனிந்து கெண்ட்ராவின் காதில் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். பார்த்தவர்களுக்கெல்லாம் ஜோடிப் பொருத்தம் கண்ணை நிறைத்தது. அடி அடுக்கிலிருந்து சின்னத் துண்டாக வெட்டினார்கள். கெண்ட்ரா அவனுக்கு ஊட்டினாள். அவனும் அவளுக்கு ஊட்டினான், ரொம்ப நாசூக்காக, உதட்டில்கூடப் படாமல். கூட்டாளிகள் "ச்சே" என்று கத்தினார்கள். லியோனா அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

"இன்னும் ஒரு வாய்," என்றான் கோல்ட்டன். அவன் கை கெண்ட்ராவின் பிடரிக்குப் போனது, கொண்டையோடு சேர்த்துப் பிடித்தது, அவள் தலையை உச்சி அடுக்கில் கொண்டுபோய் அமுக்கியது.

கொட்டகையே சிரித்தது. அதை லியோனா சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள். பாதிரியார் சிரித்தார், மாப்பிள்ளையின் அம்மா ஷெரில் கைதட்டிச் சிரித்தாள். கெண்ட்ராவின் கைகள் மேசையை அடித்தன. அதையும் விளையாட்டு என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவன் உடனே விடவில்லை. லியோனா ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினாள், "விடுடா, விடுடா" என்று கத்தினாள். அந்தப் பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவன் கையை எடுத்தபோது கெண்ட்ரா நிமிர்ந்தாள். முகம் முழுக்க வெள்ளைக் கிரீம். முன்வரிசையில் இருந்தவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இடது பக்கம் கிரீமுக்குள்ளிருந்து சிவப்பு கசிந்து வந்தது, கசிந்தது ஓடியது, யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை; எடுத்துவிட்டோம் என்று டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை தாழ்வாரத்தில் ஷெரில் லியோனாவைப் பிடித்துக்கொண்டாள். "யாராவது கேக்குக்குள்ள கட்டையச் சொருகுவாங்களா? சரி, சொருகினீங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எம்புள்ள ராத்திரி பூரா அழுதிருக்கான்."

கோல்ட்டன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது; அழுதது பொய்யில்லை. லியோனா அவனைப் பார்த்தாள். அவன் அவளை நேராகப் பார்த்தபடியே தன் அம்மாவிடம் சொன்னான்: "விடும்மா. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் செய்வேனா?"

லியோனாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருப்பாள். ஆனால் இந்த விஷயத்தை முதலில் கேட்க வேண்டியவள் உள்ளே படுத்திருக்கிறாள் என்று நினைத்தாள். வாசலில் போலீஸ் டெப்யூட்டி வேட் வேறு காத்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்தது. அவனுடைய கல்யாணக் கேக்கும் லியோனா செய்ததுதான். குச்சி இருப்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது என்றால் அது கல்யாண வீட்டு விபத்து. தெரியும் என்றால் அதற்குப் பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். சொன்னால் மகளுக்குக் கண் திறந்துவிடும், இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று அவள் நம்பினாள். அந்தக் காலையில் அவளிடமிருந்த ஒரே நம்பிக்கை அது.

அறைக்குள் கெண்ட்ரா பாதி முகம் கட்டோடு படுத்திருந்தாள். லியோனா கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தாள்.

"கண்ணு, நான் ஒண்ணு சொல்லணும். நீ தாங்கிக்கணும். அந்தக் குச்சி இருக்கறத நான் அவன்கிட்ட சொன்னேன். முன்னாடியே சொன்னேன். அவன் வெரல விட்டுத் தொட்டுப் பார்த்தான்."

கெண்ட்ரா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா."

"என்னடி தெரியும்?"

"மேசைக்கு வர்றப்போ காதுல சொன்னான். 'உங்கம்மாவ விட்டு எனக்கு ஆர்டர் போடறியா? உள்ள குச்சி இருக்குன்னு மெரட்டுறா கெழவி'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

"நீயும் சிரிச்சியே."

"எல்லாரும் போன வச்சு எடுத்துட்டிருந்தாங்க."

"தெரிஞ்சும் ஏன்டி குனிஞ்ச?"

"நான் எங்க குனிஞ்சேன்மா?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சந்தைக்குப் போய்வந்த சேதிபோலச் சொன்னாள். லியோனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் போய்ச் சொன்னதுதான் அவனைக் கிளப்பிவிட்டது. சொல்லச் சொன்னது இந்தப் பெண். காப்பாற்ற வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது. அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

"வெளியில வேட் நிக்கிறான்," என்றாள். "நான் இப்பவே போய் எல்லாத்தையும் சொல்றேன். நீ எங்கூட வீட்டுக்கு வந்துடு."

"சொல்லாத."

"கெண்ட்ரா!"

"நீ சொன்னா, எங்கம்மா பொய் சொல்றான்னு நான் சொல்லுவேன். அவனுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் வச்சிருந்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, போலீஸ்ல அவனோட மாமாதான் எல்லாம். அவன் திரும்ப வர்ற வீட்ல நான்தானே இருப்பேன்?"

"அந்த வீட்டுக்கு ஏன் போற? என்னோட வாயேன்."

"இப்ப முடியாதும்மா."

"ஏன்?"

"முடியாது. கேக்காத." அவள் தலையைத் திருப்பினாள். கட்டில்லாத கண் அம்மாவைத் தேடிப் பிடித்தது. "ஒரு நாள் முடியும். அன்னிக்கு நான் எங்கயாவது ஓடி வரணும் இல்ல? நீ வாயத் தொறந்தா உன்ன எம்பக்கமே அண்ட விடமாட்டான். அப்பறம் எனக்குன்னு ஒரு எடம் எங்கம்மா இருக்கு?"

கதவைத் தட்டிவிட்டு வேட் உள்ளே வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. நல்ல பையன், ஆஸ்பத்திரி வாசனைக்கே முகம் வெளிறியிருந்தது. அவன் பின்னாலேயே கோல்ட்டனும் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். வெளியே நிற்கச் சொல்ல வேட்டுக்குத் தோன்றவில்லை. கட்டியவனைப் பெண்டாட்டியின் அறையிலிருந்து எப்படி வெளியே அனுப்புவது என்று நினைத்திருப்பான்.

"மன்னிச்சுக்கங்க லியோனா. ஒரே ஒரு கேள்விதான், கேட்டுட்டுப் போயிடறேன். கேக்குல குச்சி இருக்குன்னு யார்கிட்டயாச்சும் சொல்லியிருந்தீங்களா?"

லியோனா நாற்காலியை விட்டு எழுந்தாள். கோல்ட்டன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் இருந்ததை லியோனா பார்த்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன் கழுத்து அவள் கையில் இருந்தது. பிறகு கட்டிலைப் பார்த்தாள். கெண்ட்ரா கெஞ்சவில்லை, அழவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றாள் லியோனா.

"மாப்பிள்ளகிட்டகூட?"

"யார்கிட்டயும் சொல்லல. சொல்ற வழக்கம் இல்ல. என் தப்புதான், வேட்."

வேட் தலையாட்டினான். அவனுக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. "யாருக்குத் தெரியும், இப்படி ஆகும்னு," என்று முணுமுணுத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

கோல்ட்டன் கதவை விட்டு வந்தான். கட்டிலைச் சுற்றி வந்து லியோனாவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டான். அந்தக் கை நேற்றைக்கு எங்கே இருந்தது என்று அவள் உடம்புக்குத் தெரியும். தோல் சுருங்கியது. ஆனாலும் அசையாமல் நின்றாள்.

"யாரும் உங்களக் குத்தம் சொல்லல, லியோனா," என்றான். குரல் தேனாக இருந்தது. "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க."

லியோனா குனிந்து, கட்டுப் படாத பக்கமாகப் பார்த்து, மகளின் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"எப்ப வேணாலும் வாடி," என்றாள். "எந்த நேரமானாலும் சரி."

கெண்ட்ரா பதில் சொல்ல உதட்டைப் பிரித்தாள்.

"வருவா, வருவா," என்றான் கோல்ட்டன். "நானே கூட்டிட்டு வர்றேன்."